போகாத கடிதமும் பூட்டிய வாயிலும்

நமது மன்றத்து மலரிலே ஆண்டுதோறும் கம்பனுக்கும் இளங்கோவடிகளுக்கும் ஒதுக்கப்படும் பக்கங்களுக்கு நடுவே, மின்னஞ்சல் போகாமல் நின்ற கதை ஒன்றை எழுத முன்வந்திருக்கிறேன். "இது நம் மாணவர்களுக்கு எதற்கு?" என்று ஆசிரியர் குழுவிலே ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு இடவப்பாதி மழை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். நான் பயிலும் துறையின் ஆய்வுக்கூடத்திலே, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி சென்டிகிரேட் குளிரில் பொருள்களைக் காக்கும் ஃப்ரீசர் ஒன்று உண்டு. எங்களுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவர், அக்கா என்றே நாங்கள் எல்லோரும் அழைப்போம், பொன்முடி மலைச்சாரலில் இரண்டு மழைக்காலம் அலைந்து, அட்டைக்கடி பட்டுச் சேகரித்த செடித் திசுக்களைச் சிறு சிறு குப்பிகளில் அடைத்து அதிலே வைத்திருந்தார். அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். அது மிகவும் மென்மையானது. குளிர் குறைந்தால் திசுவிலேயே உள்ள நொதிகள் அதனைத் துண்டு துண்டாக அறுத்துவிடும்.

இந்தப் பெட்டிக்குக் காவலாக, உள்ளங்கை அகலமே உள்ள ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி ஒன்றை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். குளிர் −60 டிகிரிக்கு மேல் ஏறினால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்கள் ஐவருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது அதற்கு இட்ட கட்டளை. இரண்டு முறை அது சரியாகவே எச்சரித்தது. அதனால் அதன்மேல் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை பிறந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு இடியோடு மின்சாரம் நின்று, சிறிது நேரத்தில் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் ஃப்ரீசருக்குரிய சுவிட்சு மட்டும் தானே கீழே விழுந்துவிட்டது. மற்ற விளக்குகள் எரிந்தன. காவற் கணினியும் யு.பி.எஸ். தயவில் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா கதவைத் திறந்தபோது ஃப்ரீசரின் அடியிலே தண்ணீர் தேங்கி நின்றது. எங்கள் ஐவரில் ஒருவருக்கும் ஒரு கடிதமும் வந்திருக்கவில்லை.

ஆனால் அந்தச் சிறு கணினி கடமை தவறவில்லை. ஞாயிறு அதிகாலை மூன்று மணி முதல், பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ நூற்றெண்பது கடிதங்களை எழுதிவிட்டிருந்தது. அத்தனையும் அதன் வயிற்றுக்குள்ளேயே வரிசையாக நின்றன. மூன்று வாரத்துக்கு முன்னர்க் கட்டடத்திலே பழுது பார்க்கும் வேலை நடந்ததால், எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பல்கலைக் கழக வலையிலிருந்து பிரித்து, வீடுகளுக்குக் கொடுப்பது போன்ற சாதாரண இணைய இணைப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தோம். அந்த மாற்றத்துக்கும் இந்த மௌனத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

மின்னஞ்சல் எப்படிச் செல்கிறது என்பதை முதலில் காண்போம். இந்த ஊரிலே இருந்துகொண்டு அதனை விளக்குவது எளிது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாகவே 'அஞ்சல்' என்னும் தபால் இலாகா ஒன்று இருந்தது. 1888இல் சங்கு முத்திரை பொறித்த அஞ்சல் தலைகளை அது வெளியிட்டது. 1951இல் இந்தியத் தபால் இலாகாவோடு அது இணைந்துவிட்டது. மணி கட்டிய கோலை ஏந்தி, பையைத் தோளில் சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரனைப் பற்றி இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரையில் நம் கன்னியாகுமரி மாவட்டமும் இந்தப் பக்கமே இருந்ததால், நாகர்கோவிலாரின் குடும்பக் கதைகளிலும் அவன் தலைகாட்டுவான்.

அந்த ஏற்பாட்டிலே இரண்டு வேறு வேலைகள் இருந்தன. கடிதம் எழுதியவர் தம் தெருவிலுள்ள பெட்டியிலோ அலுவலகச் சன்னலிலோ அதைச் சேர்ப்பிப்பது ஒரு வேலை. ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் பையைச் சுமந்து செல்வது இன்னொரு வேலை. முதலாவது பொதுமக்களுடையது, இரண்டாவது இலாகாவினுடையது. கடிதம் எழுதியவரே தோளில் பை மாட்டிக்கொண்டு ஓடி, அயலூர் அலுவலகத்தின் பின்கட்டிலே நுழைந்து கொட்டிவிட்டு வருவது வழக்கமில்லை.

மின்னஞ்சல் உலகிலோ வெகுகாலம் இந்த வேறுபாடு இல்லாமலே இருந்தது. கணினிகள் தமக்குள் கடிதம் கைமாற்றிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982 ஆகஸ்டில் அதன் விதிகளை எழுதி வெளியிட்டவர் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டல் என்பவர். பெயரைப் பாருங்கள், தபாலுக்கென்றே பிறந்தவர் போல! அவர் வகுத்த முறையிலே அனுப்பும் கணினி, பெறும் கணினியின் கதவைத் தட்டி, 'வணக்கம், நான் இன்னார், இவரிடமிருந்து வருகிறேன், இவருக்குக் கடிதம், இதோ கடிதம்' என்று நான்கே சொற்களில் வேலையை முடித்துவிடும். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் நான்கெழுத்தாக இருக்க வேண்டும் என்ற நியதியால், 'ஹலோ' என்னும் சொல்லிலும் ஓர் எழுத்தைக் குறைத்தே வைத்தார்கள். 'நீ இன்னார்தான் என்பதற்குச் சான்று என்ன?' என்ற கேள்வி அந்த உரையாடலில் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சில நூறு ஆராய்ச்சிக்கூடங்கள் பயன்படுத்திய வலை அது. ஆகவே கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

இந்த உரையாடல் நடக்கும் கதவுக்கு எண் 25. ஒரு கணினிக்கு ஆயிரக்கணக்கான கதவுகள் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வோர் எண். ஆங்கிலத்திலே போர்ட் என்பார்கள். நாம் வாயில் என்றே வழங்குவோம். இணையப் பக்கங்களைக் காட்டுவதற்கு 443ஆம் வாயில். அஞ்சலுக்கு 25ஆம் வாயில். பேராசிரியர் தம் மேசைக் கணினியிலிருந்து அனுப்பும் கடிதமும், ஒரு நகரத்து அஞ்சல் கணினி மற்றொரு நகரத்துக்குச் சுமந்து செல்லும் கடிதமும், ஒரே 25ஆம் வாயிலில்தான் நுழைந்தன.

கேட்பாரற்ற கதவிலே கண்டவர்களும் நுழைவார்கள் அல்லவா? 1978 மே மாதத்திலேயே, டி.இ.சி. என்னும் கணினிக் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர், அன்றைய ஆர்பாநெட் வலையிலிருந்த ஏறக்குறைய நானூறு பேருக்கு விளம்பரக் கடிதம் அனுப்பி வசை வாங்கிக் கட்டிக்கொண்டார். குப்பை அஞ்சலின் பிறப்பு அதுவே என்பர். நம் நாட்டிலே 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில், மேல்நாடுகளில் குப்பை ஏற்கெனவே ஒரு வாணிகமாகிக் கொண்டிருந்தது.

பின்னர் வந்ததோ இன்னும் கொடியது. குப்பை வியாபாரிகள் தம் சொந்தக் கணினியிலிருந்து அனுப்புவதை விட்டுவிட்டு, வீட்டுக் கணினிகளிலே வைரஸைப் புகுத்தி, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே அவற்றைக் கொண்டு அனுப்பத் தொடங்கினர். அப்படிப்பட்ட அடிமைக் கணினிகளின் கூட்டம் ஒன்றல்ல, பல. 2008 நவம்பரில், கலிபோர்னியாவில் மக்கோலோ என்னும் ஒரே ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தவுடன் உலகத்துக் குப்பை அஞ்சல் ஒரே இரவில் பாதிக்கு மேல் குறைந்துபோயிற்று. அந்த நிறுவனத்தின் கணினிகள் கட்டளையிட, உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகள் அனுப்பிக்கொண்டிருந்தன என்பது பொருள். சில காலத்தில் வியாபாரிகள் வேறிடம் தேடிக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. சோபோஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2012 ஏப்ரலில் வெளியிட்ட பட்டியலிலே, உலகில் மிகுதியான குப்பை அஞ்சல் புறப்படும் நாடு என்ற முதலிடம் இந்தியாவுக்குக் கிடைத்தது. நம்மவர் எல்லோரும் குப்பை வியாபாரிகள் என்று பொருளல்ல. புதிதாக இணையத்துக்கு வந்த இலட்சோபலட்சம் வீடுகளிலே காப்பற்ற கணினிகள் இருந்தன, அவ்வளவே.

இதற்குக் கண்ட மருந்துதான் 25ஆம் வாயிலை அடைப்பது. வீட்டு இணைப்பிலிருந்து வெளியே எந்தக் கணினியின் 25ஆம் வாயிலையும் தட்ட முடியாதபடி, இணைப்புக் கொடுக்கும் கம்பெனி நடுவழியிலேயே நிறுத்திவிடுகிறது. அஞ்சல் நிறுவனங்களின் பொதுச் சங்கம் 2005இலேயே இதனைப் பரிந்துரைத்தது. ஜப்பானியர் அவ்வாறே செய்தனர். பிரேசில் நாடு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2009இல் குப்பை அனுப்பும் நாடுகளின் வரிசையில் அது தலைமை வகித்தது. தொலைபேசிக் கம்பெனிகளும் அரசும் இணைய நிர்வாகக் குழுவும் கூடி உடன்படிக்கை செய்துகொண்டு 2012 முடிவிலே வீட்டு இணைப்புகளில் அந்த வாயிலை அடைத்தன. அடுத்த ஆண்டிலேயே வரிசையில் வெகு கீழே இறங்கிவிட்டது. இன்று கூகுளும் அமேசானும் வாடகைக்கு விடும் கணினிகளில்கூட 25ஆம் வாயில் வெளிப்பக்கமாக அடைபட்டே கிடைக்கிறது.

ஆகவே, அடைத்தது கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். ஃப்ரீசர் நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு வாரம் வரையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், படித்தபின் நிறுத்திக்கொண்டேன். ஆனால் அடைத்ததைச் சொல்லாமல் அடைத்தார்களே, அதனை இன்றும் குறை என்றே கருதுகிறேன். இணைப்புக்குக் கையெழுத்திட்ட தாளிலே வேகமும் கட்டணமும் பெரிய எழுத்தில் இருந்தன. 25 என்ற எண்ணை எங்கும் காணவில்லை. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையிலிருந்த சேட்டன், "நெட் கிட்டுந்நுண்டல்லோ?" என்றார். கிடைக்கிறது என்றேன். "பின்னெந்தா?" என்று முடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் கையிலிருந்த வினாப் பட்டியலில் அதற்கு மேல் இல்லை.

உங்களுள் பெரும்பாலார் இந்தத் தொல்லையைக் கண்டிருக்கமாட்டீர்கள். கைப்பேசியிலே ஜிமெயில் செயலியைத் திறந்து அனுப்புகிறவர்கள் 25ஆம் வாயிலின் பக்கமே போவதில்லை. 443ஆம் வாயில் வழியாகக் கூகுளிடம் கொடுத்துவிடுகிறார்கள், மற்றதைக் கூகுள் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பூட்டிலே தலை மோதுகிறவர்கள் வேறு சிலர். பைத்தானில் நாலு வரி எழுதித் தாமே கடிதம் அனுப்பப் பார்க்கிற மாணவர். எடுத்த நகலை மின்னஞ்சலாக அனுப்பும் ஸ்கேனர் வைத்திருக்கும் துறை அலுவலகம். விண்ணப்பப் படிவத்தைப் பெற்று 'கிடைத்தது' என்று பதில் போட வேண்டிய சிறு இணையதளம். எங்கள் ஃப்ரீசர் போன்ற காவற் கருவிகள். இவற்றிலெல்லாம் அனுப்பும் முகத்திலே ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதில்லை. அதனாலேதான் போகாதது தெரிவதில்லை.

சரி, கடிதம் போகவில்லை. தடை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலிலே வரிசையைப் பாருங்கள். லினக்ஸ் கணினியில் கடிதங்களைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற நிரல்கள், போகாத கடிதத்தைத் தூக்கி எறிவதில்லை. வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். 'மெயில்க்யூ' என்னும் கட்டளையைத் தட்டினால் வரிசை முழுவதும் தெரியும். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் அது நின்ற காரணமும் எழுதியிருக்கும். எங்கள் நூற்றெண்பது கடிதங்களின் கீழும் ஒரே வாசகம்: 25ஆம் வாயிலில் தொடர்பு கொள்ள முயன்றும் நேரம் கடந்துவிட்டது என்பது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எங்களைக் கெடுத்தது இதுவே. போஸ்ட்ஃபிக்ஸ், சொந்த ஏற்பாட்டின்படி, போகாத கடிதத்தை ஐந்து நாள் வைத்திருந்து முயன்றபின்தான் 'முடியவில்லை' என்று திருப்பும். இடையிலே 'தாமதமாகிறது' என்று எச்சரிக்கும் வசதி அதற்கு உண்டு. ஆனால் நாமாகக் கேட்டாலொழிய அது பேசாது. கேட்டிருந்தாலும் பயனில்லை. அந்த எச்சரிக்கையும் ஒரு மின்னஞ்சல்தானே! போகாத கடிதத்தைப் பற்றிய கடிதமும் அதே பூட்டிய வாயிலில்தான் போய் நிற்கும்.

அடுத்து, கதவை நாமே தட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு டெல்நெட் என்னும் பழைய கருவி போதும். விண்டோஸில் அதனைத் தனியே இயக்கி வைக்க வேண்டும், லினக்ஸில் என்.சி. என்னும் கருவியும் உண்டு. கருவியின் பெயர், அஞ்சல் கணினியின் பெயர், வாயில் எண் என்ற வரிசையில் தட்ட வேண்டும். கணினியின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் அது பெயர்ப் பட்டியலின் கோளாறு. வாயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கதவைத் தட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும். உடனே 220 என்ற எண்ணோடு ஒரு வரவேற்பு வரி வந்தால் கதவு திறந்திருக்கிறது. உடனே 'மறுக்கப்பட்டது' என்று வந்தால், நம் தட்டல் அநேகமாக எதிர்க்கரையைத் தொட்டுவிட்டது, அந்த வாயிலில் ஆள் இல்லை என்று கொள்ளலாம். இரண்டுமின்றி, கர்சர் கண் சிமிட்டிக்கொண்டே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கழிந்து, 'நேரம் கடந்தது' என்று வருமானால், நம் தட்டல் வழியிலே யாராலோ விழுங்கப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சொன்ன இந்த மௌனமே கம்பெனி அடைத்ததற்குப் பெரும்பாலும் அடையாளம். எங்களுக்குக் கிடைத்ததும் அதுவே.

ஆனால் ஒரு மௌனத்தைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்க்கணினியே செத்துக் கிடக்கலாமே! எனவே வேறு இரண்டு அஞ்சல் கணினிகளின் 25ஆம் வாயிலையும் தட்டினேன், அங்கும் மௌனம். அவற்றில் ஒன்றின் 587ஆம் வாயிலைத் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் 220 வந்து நின்றது. எந்தக் கணினியானாலும் 25 மட்டும் வாய் திறவாது, மற்ற வாயில்கள் பேசும் என்றால், பூட்டு நம் பக்கத்து வழியிலேதான் இருக்கிறது. உறுதிப்படுத்திக்கொள்ள மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக் கழக வலையுள்ள நூலகத்துக்குப் போய் அதே சோதனையைச் செய்தேன், 25 பேசிற்று. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கொண்டு ஒப்பிட நினைப்பவர்க்கு ஓர் எச்சரிக்கை: கைப்பேசிக் கம்பெனிகளும் 25ஐ அடைப்பதுண்டு. இரண்டு அடைபட்ட இணைப்புகளை ஒப்பிட்டு, 'எதிர்க்கணினிதான் கெட்டிருக்கிறது' என்ற தவறான முடிவுக்கு நான் ஒரு மாலை முழுவதும் இரையானேன்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. சில வலைகளில் 25 அடைபடாது; ஆனால் நடுவில் ஒருவர் நின்று, நாம் யாரைத் தட்டினாலும் தாமே பதில் சொல்வார். 220 வரியிலே நாம் அழைத்த கணினியின் பெயர் இருக்கிறதா, வேறு பெயரோ வெறும் நட்சத்திரக் குறிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். மற்றொன்று 465ஆம் வாயில். அங்கே டெல்நெட் கொண்டு தட்டினால் கதவு திறக்கும், ஆனால் 220 வராது. அது தடை அன்று. அந்த வாயிலில் முதற்சொல்லே மறைமொழியில் தொடங்க வேண்டும் என்பது விதி. டெல்நெட்டுக்கு அந்த மொழி தெரியாது. ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்னும் கருவியைக் கொண்டு தட்டினால் பேசும்.

25 திறந்திருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பணம் கட்டி நிலையான முகவரி வாங்கி, அந்த வாயிலைத் திறக்கச் செய்தவர்களும் 550 என்ற எண்ணோடு கடிதம் திரும்பி வருவதைக் காண்பார்கள். ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பு 2007 முதல், 'இவை வீட்டு இணைப்பு முகவரிகள், இங்கிருந்து நேரே அஞ்சல் வரக்கூடாது' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெரிய அஞ்சல் நிறுவனங்கள் இத்தகைய பட்டியல்களைப் பார்த்தே கதவு திறக்கின்றன. அது போக, இன்று நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீட்டார் பகிர்ந்துகொள்கிறார்கள். அடுத்த வீட்டுக் கணினியின் பாவம் நம் தலையிலும் விழும். இந்தக் காரணங்களால், உதவி எண்ணில் சண்டையிட்டு 25ஐத் திறக்கச் செய்வது வீண் வேலை என்பது என் துணிபு.

சரியான வழி சன்னலுக்குப் போவதே. முன்னே சொன்ன இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டும் என்ற அறிவு இணையத்துக்கு 1998 டிசம்பரில் வந்தது. கடிதத்தைச் சேர்ப்பிக்க வருகிற பொதுமக்களுக்கென்று 587 என்னும் தனி வாயிலை அப்போதைய விதி ஒன்று ஒதுக்கியது. அந்த வாயிலில் 'நீ யார்?' என்று கேட்கிறார்கள். பெயரும் கடவுச்சொல்லும் காட்டினால்தான் கடிதத்தை வாங்குகிறார்கள். வாங்கியபின் அஞ்சலோட்டம் அவர்கள் பொறுப்பு. அவர்களுடைய கணினி மற்றொரு கணினியின் 25ஆம் வாயிலுக்குச் சுமந்து செல்லும். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிக்கு அந்தக் கடவுச்சொல் சுலபத்தில் கிட்டாது. கிட்டினாலும், யாருடைய கணக்கு என்று பார்த்து நிறுத்திவிடலாம். அதனால் கம்பெனிகள் 587ஐ அடைப்பதில்லை, அடைக்கவும் வேண்டியதில்லை. 465ஆம் வாயிலும் இதே வேலைக்குத்தான். 1997இல் தொடங்கி, நடுவில் கைவிடப்பட்டு, 2018 ஜனவரியில் மீண்டும் முறைப்படி அரியணை ஏறியது. தொடக்கம் முதலே மறைமொழியில் பேசுவதால் இதுவே மேல் என்று இப்போதைய விதி கூறுகிறது.

போஸ்ட்ஃபிக்ஸ் நிரலிலே 'ரிலேஹோஸ்ட்' என்னும் வரியில் சன்னல் கணினியின் பெயரையும் 587 என்ற எண்ணையும் எழுதி, கடவுச்சொல் காட்ட ஒரு வரியும், மறைமொழி கட்டாயம் என்று ஒரு வரியும் சேர்த்தால் ஏற்பாடு முடிந்தது. பைத்தானில் எழுதுகிறவர்களும், ஸ்கேனர் வைத்திருக்கிறவர்களும் வாயில் எண்ணை மாற்றி, கணக்கின் விவரத்தைச் சேர்த்தால் போதும். எனக்கு அந்த வேலை இருபது நிமிடம்தான் பிடித்தது. மூன்று வாரத்துக்கு முன்னர் அந்த இருபது நிமிடம் செலவிட்டிருந்தால் என்று நினைத்துப் பார்த்தபோது, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சன்னலிலே வரும் தடைகள் வேறு வகை. அவை மௌனமாக வருவதில்லை. 530 என்று வந்தால், முதலில் மறைமொழிக்கு மாறிவிட்டு வா என்று பெரும்பாலும் பொருள். 535 என்றால் கடவுச்சொல் ஒப்பவில்லை. ஜிமெயில் கணக்கைப் பயன்படுத்துகிறவர்கள் சாதாரணக் கடவுச்சொல்லைக் கொடுத்து இங்கே திணறுவார்கள். 2022 மே மாத இறுதியிலிருந்து தனியார் கணக்குகளில் அது செல்லாது. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 'ஆப் பாஸ்வேர்ட்' என்னும் தனிக் கடவுச்சொல்லைப் பெற வேண்டும். அனுப்புநர் முகவரியும் அந்தக் கணக்கினுடையதாகவே இருக்கட்டும். துறையின் முகவரியைப் போட்டு வேறொருவர் சன்னலில் நீட்டினால், 2024 பிப்ரவரியிலிருந்து கண்டிப்பு மிகுந்துள்ள ஜிமெயில் போன்ற இடங்களில் அது குப்பைத் தொட்டிக்கோ திரும்பியோ போகலாம். நாளொன்றுக்கு இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பும் உண்டு. ஃப்ரீசருக்கு அது தாராளம். மன்றத்து விழா அழைப்பை ஆயிரம் பேருக்கு அனுப்ப நினைக்கிற செயலாளருக்குப் போதாது.

587உம் 465உம் கூட அடைபட்ட விடுதி வலைகளை நான் கண்டிருக்கிறேன். அங்கே 443 ஒன்றே வழி. அந்த வாயில் வழியாகவே கடிதங்களை ஏற்றுக்கொள்ளும் அஞ்சல் சேவைகள் இப்போது பல உள்ளன. இணையப் பக்கத்தைப் பார்க்க முடிகிற எந்த இடத்திலிருந்தும் அவற்றை அடையலாம்.

எங்கள் காவற் கணினி இப்போது நாள்தோறும் காலை எட்டு மணிக்கு, 'குளிர் −80, நலம்' என்று ஒரு வரி அனுப்புகிறது. ஆபத்து வந்தால் மட்டும் எழுது என்ற பழைய கட்டளையிலே, நலமாக இருக்கும் மௌனமும் செத்துப்போன மௌனமும் ஒன்றாகத் தோன்றின. இப்போது எட்டரை மணிக்குள் கடிதம் வராவிட்டால், எங்கள் ஐவரில் அன்றைக்கு முறை யாருக்கோ அவர் நேரே போய்ப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை வெப்பமானியை வெளியே எடுத்துக் கையில் பிடித்து, அபாயக் கடிதம் உண்மையிலேயே வருகிறதா என்றும் பார்க்கிறோம். கணினியோடு மணி ஒன்றையும் இணைத்தேன். அதற்கு இணையமே வேண்டாம். இரவுக் காவலாளி அண்ணனுக்கு அந்த ஓசையைக் கேட்கச் செய்து, கேட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று கதவிலே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அக்காவின் குப்பிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தப்பின. அவை ஃப்ரீசரில் இருந்தவை அல்ல. பிரித்தெடுத்து முடித்து, வேறொரு கூடத்துக்கு முன்னரே அனுப்பியிருந்தவை. மற்றவற்றுக்காக இந்த இடவப்பாதியில் அவர் மறுபடியும் பொன்முடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. சுமை தூக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் நானும் போகிறேன். மலையிலே சில இடங்களில்தான் கைப்பேசிக்கு அலை கிடைக்கும். எட்டு மணி நெருங்கினால் அப்படி ஓர் இடமாகப் பார்த்து இருவரும் நின்றுகொள்வோம்.